யோகோசுகா: ஜப்பானின் கடற்படைத் துறைமுக நகரை ஒரே நாளில் பார்க்க ஒரு வழிகாட்டி

டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனாலும் யோகோசுகாவுக்குப் போகிறவர்களில் பலர் ஒரு கப்பலைக்கூடக் கிட்டத்தில் பார்க்காமல் திரும்புகிறார்கள். ஒன்று, தவறான ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறார்கள். அல்லது படகு டிக்கெட் தீர்ந்தபின் கவுண்டருக்கு வருகிறார்கள். அல்லது அமெரிக்கத் தளத்தின் வாசலில் போய் நின்று "உள்ளே எப்போது விடுவார்கள்?" என்று கேட்கிறார்கள். மூன்றுமே முதல் நாளே தவிர்க்கக் கூடியவை.

இது சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கும், டோக்கியோ, யோகோஹாமா பக்கம் வேலை பார்த்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய்வர நினைப்பவர்களுக்கும் எழுதியது. வரலாறு வேண்டாம், அது மிகசா என்ற அருங்காட்சியகக் கப்பலுக்குள்ளேயே பலகை பலகையாக இருக்கிறது.

1. எதைப் பார்க்க முடியும், எதை முடியாது

யோகோசுகா துறைமுகத்தை இரண்டு கடற்படைகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்று அமெரிக்கக் கடற்படை. அதன் ஏழாம் கப்பற்படையின் தலைமைக் கப்பலான புளூ ரிட்ஜ், அணுசக்தியில் இயங்கும் விமானந்தாங்கிக் கப்பல், ஒரு வரிசை நாசகாரிக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் தாய்த் துறைமுகம். மற்றொன்று ஜப்பானின் கடல்சார் தற்காப்புப் படை. அதன் பெரிய ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பலான இசுமோ இங்கேதான் நிற்கும்.

அமெரிக்கத் தளத்துக்குள் பொதுமக்கள் சாதாரண நாட்களில் போக முடியாது. காசு கொடுத்தாலும் இல்லை, பாஸ்போர்ட் காட்டினாலும் இல்லை. வருடத்தில் சில நாட்கள் மட்டும் திறப்பார்கள். அதற்குத் தனி விதிகள் உண்டு, பத்தாம் பகுதியில் சொல்லியிருக்கிறேன். மற்ற நாட்களில் கப்பல்களைப் பார்க்க இரண்டே வழி: கரையிலிருக்கும் வெர்னி பூங்கா, 45 நிமிடத் துறைமுகப் படகுச் சவாரி. பூங்கா இலவசம். படகுதான் அந்த நாளின் அச்சாணி. படகு நேரத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள்.

2. நாளைத் தேர்ந்தெடுப்பது

வார நாட்களில் கூட்டம் குறைவு, கப்பலும் குறைவு. கப்பல்கள் பயிற்சிக்குக் கடலுக்குப் போய் வார இறுதியில் திரும்புவது வழக்கம். அதனால் சனி, ஞாயிறுகளில் கரையோரம் நிறைந்திருக்கும், படகும் நிறைந்திருக்கும். வருடக் கடைசி விடுமுறையை ஒட்டிய நாட்களில் இன்னும் நிறைய கப்பல்கள் ஒன்றாக நிற்கும்.

விமானந்தாங்கிக் கப்பலுக்காகவே வருகிறீர்கள் என்றால் மாதம் முக்கியம். 2024 நவம்பரிலிருந்து இங்கே நிற்பது ஜார்ஜ் வாஷிங்டன். அது பெரும்பாலும் மே மாதத்தை ஒட்டிப் புறப்பட்டு, நடுவில் வந்துபோய், இலையுதிர் காலத்தின் முடிவில் திரும்பும். குளிர்காலம் முழுவதும் பராமரிப்புக்காகத் துறையில் கட்டிக் கிடக்கும். ஆக ஜனவரி முதல் ஏப்ரல் வரை பார்க்கும் வாய்ப்பு அதிகம், ஜூலையில் குறைவு. எந்தக் கப்பல் எந்தத் தேதியில் இருக்கும் என்று அமெரிக்கக் கடற்படை முன்கூட்டி அறிவிப்பதில்லை. "நாளைக்கு இருக்குமா?" என்ற கேள்விக்குப் படகு கவுண்டரில் இருப்பவர்களாலும் உறுதி சொல்ல முடியாது.

பிப்ரவரி 11, 23 போன்ற சில தேசிய விடுமுறை நாட்களில் ஜப்பானியக் கப்பல்கள் முன்முனையிலிருந்து பின்முனை வரை வண்ணக் கொடி கட்டி நிற்கும். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அந்த நாட்கள் நல்லவை. குளிர் கடுமையாக இருக்கும்.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை மழைக்காலம். ஆகஸ்டில் வெயில் நம் ஊர் சித்திரை போல, ஈரப்பதம் அதைவிட மோசம். செப்டம்பரில் புயல் வந்தால் படகு நிற்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் வசதியான மாதங்கள். வெர்னி பூங்காவில் ரோஜா பூப்பது மே மாதத்திலும் அக்டோபரிலும்.

3. ஆவணங்கள்

இந்தியாவிலிருந்து சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து ஜப்பான் மின்விசா தருகிறது. ஒரு முறை நுழைவு, அதிகபட்சம் 90 நாள். விண்ணப்பம் விஎஃப்எஸ் (விசா விண்ணப்பங்களை வாங்கும் நிறுவனம்) மையம் வழியாக. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னை. பாஸ்போர்ட், விண்ணப்பப் படிவம், புகைப்படம், ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு நகல், விமான முன்பதிவு, ஓட்டல் முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம், வேலை பார்ப்பவரானால் விடுப்புக் கடிதம் ஆகியவை அடிப்படை. கட்டணமும் பட்டியலும் மாறுகின்றன, விண்ணப்பிக்கும் வாரத்தில் விஎஃப்எஸ் தளத்தில் இருக்கும் பட்டியலையே பின்பற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஐந்து வேலை நாள் ஆகும், கூடுதல் ஆவணம் கேட்டால் இன்னும் நீளும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. விசா கிடைத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைய வேண்டும் என்பதால் ரொம்பவும் முன்கூட்டியே கொடுப்பதும் சரிவராது.

மின்விசாவில் பலரும் சிக்குவது ஒரே இடத்தில்தான். விமான நிலையத்தில் விசா அறிவிப்பை இணையத்தில் திறந்து, அந்தத் திரையை அப்படியே காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், அச்செடுத்த தாள், பிடிஎஃப் எதுவும் செல்லாது. எனவே போனில் சார்ஜும் டேட்டாவும் இருக்க வேண்டும், சென்னையில் விமானம் ஏறும்போதும் டோக்கியோவில் இறங்கும்போதும்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கும் சிப் பொருத்திய மலேசியப் பாஸ்போர்ட்டுக்கும் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குத் தேவை, கொழும்பில் விண்ணப்பிக்க வேண்டும்.

யாராக இருந்தாலும், பயணத்துக்கு முன் விசிட் ஜப்பான் வெப் தளத்தில் விவரங்களை நிரப்பி வைத்தால் குடிவரவுக்கும் சுங்கத்துக்கும் கியூஆர் குறியீடு கிடைக்கும், தாள் நிரப்பும் வேலை மிச்சம்.

அடுத்தது யோகோசுகாவுக்கென்றே சொல்ல வேண்டியது. பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குறுகிய கால விசாவில் இருப்பவர் பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம், தவறினால் 1 லட்சம் யென் வரை அபராதம். ஜப்பானில் குடியிருப்பவர் ரெசிடென்ஸ் கார்டை வைத்திருக்க வேண்டும், அதற்கு அபராதம் 2 லட்சம் யென் வரை. டோக்கியோவில் மாதக்கணக்கில் யாரும் கேட்காமல் போகலாம். கடற்படைத் தளத்தின் வேலி ஓரம் கேமராவோடு நிற்பவரிடம் போலீஸ்காரர் கேட்க வாய்ப்பு அதிகம். நகல் போதாது, அசல் வேண்டும்.

4. படகுச் சவாரி: முன்பதிவு

படகு புறப்படும் இடம் ஷியோஇரி துறை. கோஸ்கா என்ற பெரிய ஷாப்பிங் மாலுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. பொதுவாக காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணி வரை மணிக்கு ஒரு படகு. கூட்டமான நாட்களில் காலை 10 மணிக்கும் விடுவார்கள். பெரியவர் கட்டணம் 2,000 யென்னைச் சுற்றி, சிறுவர்களுக்குப் பாதி.

சனி, ஞாயிறு, விடுமுறை நாள் என்றால் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். கவுண்டரில் அன்றைக்கு விற்பது மீந்த இருக்கைகள் மட்டுமே. நல்ல வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை, மதியப் படகுகள் காலையிலேயே தீர்ந்துபோவது சகஜம். வார நாட்களில் நேரே போனாலும் பெரும்பாலும் கிடைக்கும்.

முன்பதிவு செய்திருந்தாலும் கவுண்டரில் டிக்கெட்டை மாற்றி வாங்க வேண்டும். புறப்படுவதற்கு 20 நிமிடம் முன்பாவது அங்கே இருங்கள். 11 மணிப் படகு என்றால் 11 மணிக்கே கயிறு அவிழ்க்கிறார்கள், ஓடி வருகிறவருக்காக நிற்பதில்லை. வரிசையில் முன்னால் நிற்பவருக்கே மேல்தள ஓர இருக்கை கிடைக்கும் என்பதால், படம் எடுக்க வேண்டுமானால் அரைமணி முன்னால் போவது வீணாகாது.

காற்று பலமாக இருந்தால் படகு ரத்தாகும். அந்த முடிவு அன்று காலையில்தான் தெரியும். யோகோசுகாவைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள், மாற்று நாள் ஒன்று கையில் இருக்கட்டும்.

5. ரயில்: எல்லாரும் தடுமாறும் இடம்

யோகோசுகாவுக்கு இரண்டு ரயில் கம்பெனிகள் போகின்றன. இரண்டு தடங்களும் ஊருக்குள் சந்திப்பதில்லை.

கெய்க்யூ: ஷினகவாவில் ஏறினால் யோகோசுகா-சூவோ ஸ்டேஷனுக்கு விரைவு வண்டியில் முக்கால் மணி நேரம், 700 யென்னுக்குள். யோகோஹாமாவிலிருந்து அரைமணிதான். பெரும்பாலோருக்கு இதுவே சரியான வழி.

கெய்க்யூவில் வண்டியின் வகையை நிறம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பச்சை எழுத்து கைதொக்கு, மிக வேகமானது. சிவப்பு எழுத்து தொக்க்யூ, அதற்கு அடுத்தது. கறுப்பு எழுத்து எல்லா ஸ்டேஷனிலும் நிற்பது. படகுத் துறைக்குப் பக்கத்து ஸ்டேஷன் ஷியோஇரி. பச்சை வண்டி அங்கே நிற்காது, சிவப்பு நிற்கும். பச்சையில் ஏறிவிட்டால் பதற வேண்டாம். கனசவா-ஹக்கெய்யில் இறங்கி அடுத்த சிவப்பு வண்டியிலோ கறுப்பு வண்டியிலோ ஏறலாம். அல்லது யோகோசுகா-சூவோ வரை போய்விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் திரும்பி நடக்கலாம்.

இன்னொரு பொறி, வண்டியின் முகத்தில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர். மிசகிகுச்சி, கெய்க்யூ குரிஹமா, உரகா என்று எது இருந்தாலும் ஏறலாம், எல்லாம் யோகோசுகா-சூவோவைத் தாண்டித்தான் பிரிகின்றன. ஜுஷி-ஹயமா என்று போட்ட வண்டி கனசவா-ஹக்கெய்யிலேயே வேறு பக்கம் திரும்பிவிடும். ஹனேதா விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் இதில் உட்கார்ந்து தூங்கிவிட்டால் கடற்கரை விடுதிகள் உள்ள இன்னோர் ஊரில்தான் கண் விழிப்பார்கள். கனசவா-ஹக்கெய்யில் மாறினால் போதும்.

ஜேஆர் (ஜப்பான் ரயில்வே): டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து யோகோசுகா தடம். ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது, கட்டணமும் கூடுதல். பல வண்டிகள் ஜுஷியோடு நின்றுவிடும், அங்கே மாற வேண்டும். இத்தனை இருந்தும் இதற்கு ஒரு சிறப்பு உண்டு. ஜேஆர் யோகோசுகா ஸ்டேஷனில் ஒரு படிக்கட்டுகூட இல்லை, வெளியே வந்தவுடன் வெர்னி பூங்கா, பூங்காவின் மறுகோடியில் படகுத் துறை. முழங்கால் வலி உள்ள பெற்றோரையோ தள்ளுவண்டிக் குழந்தையையோ அழைத்துவந்தால் இந்த வழிதான் நிம்மதி. காமகுராவோடு சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே தடம் பொருந்தும்.

ஜேஆர் பாஸ் கையில் இருக்கிறதே என்று கெய்க்யூ வாசலில் நீட்டாதீர்கள், அது அங்கே செல்லாது. சுயிகா, பாஸ்மோ போன்ற ஐசி கார்டு இரண்டிலும் செல்லும்.

கெய்க்யூ ஒரு கூட்டுச் சீட்டும் விற்கிறது: ரயில், பஸ் பயணம், ஒரு சாப்பாட்டுக் கூப்பன், ஓர் இடத்தைப் பார்க்கவோ பரிசுப்பொருள் வாங்கவோ ஒரு கூப்பன் சேர்ந்தது. ஏறும் ஸ்டேஷனைப் பொறுத்து விலை மாறும். கடற்படைக் கறியோ நேவி பர்கரோ (எட்டாம் பகுதியில் சொல்லியிருக்கிறேன்) சாப்பிடப் போகிறவருக்கு லாபம். சைவம் சாப்பிடுகிறவர் வாங்கினால் சாப்பாட்டுக் கூப்பன் பெரும்பாலும் வீண்.

6. படகு ஏறும் முன் வெர்னி பூங்கா

படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டால் பூங்காவில் மரப்பலகை பாவிய கரையோர நடைபாதையில் நில்லுங்கள். எதிர்க்கரையில் கறுப்பாக, முதுகு மட்டும் தெரிய மிதப்பவை நீர்மூழ்கிக் கப்பல்கள். அவை நிற்கும் துறை அமெரிக்கத் தளத்தின் பக்கம் இருந்தாலும் கப்பல்கள் ஜப்பானுடையவை. பின்முனையைக் கவனியுங்கள். தண்ணீருக்கு மேலே இரண்டு துடுப்புகள் விரல் விரித்தாற்போல் சாய்ந்து நீட்டிக்கொண்டிருந்தால் அது புதிய சோரியூ அல்லது தைகெய் வகை. ஒற்றைத் துடுப்பு செங்குத்தாக நின்றால் பழைய ஓயஷியோ வகை. உடலில் குளியலறைச் சுவர்போல் சதுரக் கோடுகள் தெரியும். ஒலியை உறிஞ்சுவதற்காக ஒட்டிய ஓடுகள் அவை. பைனாகுலர் இருந்தால் எண்ணிக்கூடப் பார்க்கலாம்.

காலை 8 மணிக்கு இங்கே இருக்க முடிந்தால், ஜப்பானியக் கப்பல்களில் ஊதுகுழல் ஒலிக்கக் கொடி ஏறுவதைக் கேட்கலாம். இறக்குவது சூரியன் மறையும் நேரத்தில். டிசம்பரில் அது நாலரை மணிக்கே வந்துவிடும்.

7. படகில்

கீழ்த்தளம் கண்ணாடி அறை, மேல்தளம் திறந்தவெளி. மேல்தளத்துக்கே போங்கள், ஆனால் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் கோடையில் போகாதீர்கள். குளிர்காலத்தில் ஊரில் தாங்கும் ஸ்வெட்டர் தண்ணீர் மேல் தாங்காது, காற்று புகாத மேல்சட்டை வேண்டும். துறைமுகத்துக்குள்ளேயே போவதால் ஆட்டம் குறைவு, வாந்தி வருமோ என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லை.

வழிகாட்டி நேரடியாகப் பேசுவார், ஜப்பானிய மொழியில். புரியாவிட்டாலும் எண்கள் புரியும். கப்பலின் முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணே அதன் அடையாளம். 73 ஜார்ஜ் வாஷிங்டன், 19 புளூ ரிட்ஜ், 183 இசுமோ. நாசகாரிக் கப்பல்களின் மேல்கட்டுமானத்தில் எண்கோணத் தட்டு ஒன்று பதித்திருந்தால் அது ஏஜிஸ் என்ற வான்பாதுகாப்பு அமைப்பின் ராடார். நீர்மூழ்கிகளில் எண் இருக்காது, மறைவாக இருப்பதே அவற்றின் வேலை.

படகு முதலில் அமெரிக்க, ஜப்பானியக் கப்பல்களுக்கு நடுவே போய்த் துறைமுக வாயிலைத் தொடும். விமானந்தாங்கிக் கப்பல் இருந்தால் பார்க்கத் தோதான இடம் அதுதான். பிறகு அசுமா தீவைச் சுற்றி நகவுரா துறைக்குள் நுழையும். அங்கே கண்ணிவாரிக் கப்பல்கள் (கடல் கண்ணிவெடிகளை அகற்றுபவை) நிற்கும். மற்றவற்றைவிடச் சிறியவை என்பதால் பலர் அந்த நேரத்தில் போனை எடுத்துவிடுகிறார்கள், எடுக்காதீர்கள். கடைசியாக 1889-இல் வெட்டிய குறுகிய கால்வாய் வழியாகத் திரும்பும். இரு கரையும் கைக்கெட்டும் தூரம்போல் நெருங்கி வரும் அந்த இரண்டு நிமிடம்தான், என் கணக்கில், கொடுத்த காசுக்கு முழு ஈடு.

8. சாப்பாடு: முன்பே முடிவு செய்ய வேண்டியது

யோகோசுகாவின் பெயர் பெற்ற உணவு கடற்படைக் கறி. 1908-ஆம் ஆண்டின் கடற்படைச் சமையல் குறிப்பை அடிப்படையாக வைத்துச் செய்வது. 1999-இல் நகரம் தன்னைக் கறி நகரம் என்றே அறிவித்துக்கொண்டது. சோறு, கறி, சாலட், ஒரு கிளாஸ் பால் என்று செட்டாகத்தான் வரும். விலை கடையைப் பொறுத்து 1,000 யென்னிலிருந்து 2,000 யென்னுக்குள். காரம் நம் நாக்குக்குத் தெரியாது, மாவு கரைத்த இனிப்புக் குழம்பு என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

கறியில் பெரும்பாலும் மாட்டிறைச்சி, சில கடைகளில் கோழி. ஆர்டர் செய்யும் முன் கேட்டுவிடுங்கள்: மாடு கியூ அல்லது பீஃபு, கோழி தொரி அல்லது சிக்கின், பன்றி புதா. "காய்கறிக் கறி" என்று மெனுவில் இருந்தாலும் சைவம் என்று நம்ப வேண்டாம். ஜப்பானியக் கறிக்கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சாதாரணம், குழம்பின் அடி இறைச்சி வடிநீர். ஹலால் பார்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

இன்னொன்று நேவி பர்கர். அமெரிக்கக் கடற்படை 2008-இல் நகருக்குக் கொடுத்த செய்முறை, முழுக்க மாட்டிறைச்சி, கைப்பிடியில் அடங்காத அளவு. மாடு சாப்பிடாதவருக்கு இங்கே மிஞ்சுவது செர்ரி சீஸ்கேக்.

சைவக்காரர்கள் டோக்கியோவிலிருந்தே கட்டுச்சாதம் கொண்டுவருவதுதான் உத்தமம். புளியோதரையும் தயிர்சாதமும் இந்த ஊர் வெளிக்காற்றுக்கு நன்றாகத் தாங்கும், ஆகஸ்டில் தயிர்சாதம் மட்டும் வேண்டாம். கடையில்தான் வாங்க வேண்டுமென்றால் கோஸ்கா மாலின் உணவுப் பகுதியில் பழம், ரொட்டி கிடைக்கும். கன்வீனியன்ஸ் ஸ்டோர் சோற்று உருண்டையில் உமெபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்) வகையிலும் மீன் சாறு சேர்த்திருக்கலாம், பின்னட்டையைப் போன் மொழிபெயர்ப்பில் பார்த்துவிடுங்கள்.

கடற்கரையில் திறந்தவெளியில் சாப்பிடும்போது தலைக்கு மேல் பருந்து வட்டமிடுகிறதா என்று பாருங்கள். பின்பக்கமிருந்து சத்தமில்லாமல் இறங்கிக் கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு போகும், நகம் பட்டால் கிழியும். சுவரையோ மரத்தையோ முதுகுக்குக் கொடுத்து உட்காருங்கள்.

9. மதியத்துக்குமேல்: மிகசா, சருஷிமா

இரண்டும் ஒரே பக்கம், ஷியோஇரி துறையிலிருந்து 20 நிமிட நடை, யோகோசுகா-சூவோவிலிருந்து 15 நிமிடம். மிகசா 1902-இல் கட்டி முடித்த போர்க்கப்பல், இப்போது கரையில் பதித்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கட்டணம் ஆயிரம் யென்னுக்குள். ஒரு மணி நேரம் போதும். மூடுவது கோடையில் 5:30, குளிர்காலத்தில் 4:30, அதற்கு அரைமணி முன்பே நுழைவு நிறுத்தப்படும். டிசம்பர் 28 முதல் 31 வரை விடுமுறை. உள்படிகள் செங்குத்தான இரும்பு ஏணிகள், புடவையும் ஹீல்ஸ் செருப்பும் அன்றைக்கு வேண்டாம்.

சருஷிமா ஒரு சிறு தீவு. மிகசா பக்கத்துத் துறையிலிருந்து 10 நிமிடப் படகு, மணிக்கு ஒன்று. படகும் தீவு நுழைவும் தனித்தனிக் கட்டணம், சேர்ந்து 2,000 யென்னைச் சுற்றி வரும். பழைய கோட்டையின் செங்கல் சுரங்கமும், இருபுறமும் கல்சுவர் எழுந்த பாசிப் பாதையுமே அங்கே பார்க்க வேண்டியவை. சுற்றிவர ஒன்றரை மணி நேரம். பெயரில் குரங்கு இருக்கிறது, தீவில் இல்லை.

கவனம் வேண்டியது கடைசிப் படகில். தீவில் இரவு தங்க முடியாது. திரும்பும் கடைசிப் படகு குளிர்மாதங்களில் 4 மணி வாக்கில், மற்ற மாதங்களில் 5 மணி வாக்கில். இறங்கியவுடன் துறையில் எழுதியிருக்கும் நேரத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு படகையும் ஒரே நாளில் போட விரும்பினால் சருஷிமாவைக் காலையில் வையுங்கள். 9:30 படகில் போய் 11:45-க்குள் திரும்பி, சாப்பிட்டு, 2 மணித் துறைமுகப் படகு. தலைகீழாக வைத்தால் குளிர்காலத்தில் கடைசிப் படகு நேரம் நெருக்கும்.

தொபுஇதா தெருவுக்கு மாலையில் போகலாம். புலி, கழுகு, டிராகன் எம்பிராய்டரி போட்ட பளபள ஜாக்கெட்டுகள்தான் அந்தத் தெருவின் சரக்கு. பாலியெஸ்டர் ஜாக்கெட்டும் கையால் நூல் போட்டதும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், விலை பத்தாயிரத்துச் சொச்சத்திலிருந்து பல பத்தாயிரம் யென் வரை ஏறும். வாங்கும் முன் உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். பின்னல் நூல் துருத்திக்கொண்டு, உள்துணி ஒட்டாமல் சுருங்கியிருந்தால் அந்த விலைக்கு வேண்டாம். பேரம் பேசுவது இங்கே வழக்கமில்லை. சில கடைகளில் டாலரும் வாங்குவார்கள், ஆனால் அவர்கள் போடும் மாற்று விகிதத்தில்.

10. தளம் திறக்கும் நாட்கள்

அமெரிக்கத் தளம் வசந்தகாலச் செர்ரிப் பூ விழா, இலையுதிர் காலச் சப்பர ஊர்வலம் போன்ற சில நாட்களில் பொதுமக்களுக்குத் திறக்கும். தேதி வருடந்தோறும் மாறும், பாதுகாப்புக் காரணத்தால் கடைசி நேரத்தில் ரத்தாவதும் உண்டு.

நம்மவர்கள் ஏமாறுவது நாட்டுரிமை விதியில். ஜப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் புகைப்பட அடையாள அட்டை போதும். மற்ற நாட்டவருக்குத் தனி விதி. சில நாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் முன் அனுமதி இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள். அந்தந்த நிகழ்ச்சியின் அறிவிப்பில் நாடுகளின் பட்டியல் இருக்கும். உங்கள் பாஸ்போர்ட்டின் நாடு எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். "போன வருஷம் நண்பர் போனார்" என்பது ஆதாரம் ஆகாது. ஜப்பானில் பத்து வருடம் குடியிருந்தாலும் இந்த விஷயத்தில் பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான், ரெசிடென்ஸ் கார்டை அல்ல.

பைகளைத் திறந்து பார்ப்பார்கள். மது, கண்ணாடிப் பாட்டில், கத்தி, டிரோன் எதுவும் கூடாது. பழம் நறுக்கும் சிறு கத்தியும் கத்திதான். வாசல் வரிசை மணிக்கணக்கில் நீளும், சிறு குழந்தையோடு போவது பாடு.

ஜப்பானியப் படையின் திறந்த நாட்கள் கோடையில் வரும், கப்பல் மேலேயே ஏற விடுவார்கள். விதிகள் சற்றுத் தளர்வு. அங்கேயும் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டோ ரெசிடென்ஸ் கார்டோ அசலாகக் காட்ட வேண்டும்.

11. கேமரா, டிரோன்

பூங்காவிலிருந்தும் படகிலிருந்தும் கப்பல்களைப் படம் எடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். தளத்தின் வாசல், காவலர்கள், சோதனைச் சாவடி ஆகியவற்றை எடுக்காதீர்கள்.

டிரோனைப் பையிலிருந்தே எடுக்க வேண்டாம். தளத்துக்கு மேலும் அதைச் சுற்றியும் பறக்கவிடுவது தனிச் சட்டத்தின்கீழ் குற்றம். 100 கிராமுக்குக் குறைந்த பொம்மை டிரோனுக்குப் பொதுவாக உள்ள சலுகை இங்கே கிடையாது. 2024-இல் இசுமோ கப்பலின் மேலே எடுத்த டிரோன் படம் இணையத்தில் பரவிய பிறகு கண்காணிப்பு இன்னும் இறுகியிருக்கிறது. விசாவில் வந்தவருக்கு இது அபராதத்தோடு முடியும் சங்கதி இல்லை.

12. கையில் எவ்வளவு வேண்டும்

ஷினகவாவிலிருந்து ஒருவருக்கு: ரயில் போகவர 1,400 யென்னுக்குள், துறைமுகப் படகு 2,000 அளவில், சருஷிமா 2,000 அளவில், மிகசா ஆயிரத்துக்குள், சாப்பாடு 1,500 முதல் 2,000. ஆக 8,500 யென் வைத்துக்கொண்டால் தாராளம். சருஷிமாவை விட்டால் 6,500. கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு, படகும் வெர்னி பூங்காவும் மட்டும் என்றால் 3,500 யென்னில் முடித்துவிடலாம். குறைந்த செலவில் நிறைவான நாள் இதுதான்.

அதில் 5,000 யென்னாவது நோட்டாக இருக்கட்டும். தொபுஇதாவின் சிறு கடைகளில் கார்டு செல்லாத இடங்கள் உண்டு. பெரிய பெட்டியோடு வராதீர்கள்: ஸ்டேஷன் லாக்கர்களில் பெரிய அளவு சிலவே, சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் நிரம்பிவிடும். விமான நிலையத்திலிருந்து நேரே வருவதானால் பெட்டியை ஹனேதாவிலோ ஷினகவாவிலோ விட்டுவிட்டு, முதுகுப் பையோடு கெய்க்யூ ஏறுங்கள்.